தம்பியின் கோயிற்படத்தில் என் கை பட்ட இடம்

மலைச்சரிவில் வீற்றிருந்து எங்கள் தலைமுறைகளைக் காத்துவரும் மாரியன்னையின் திருவடிகளைச் சிந்தையில் இருத்தி, என் உடன்பிறந்த தம்பி இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் பணிவுடன் எழுதுகிறேன்.

தம்பி உயிரோடு இருந்த காலமெல்லாம் அவரை நான் ‘டா’ போட்டே அழைத்தேன். இப்பொழுது ‘அவர்’ என்று எழுதும்போது பேனா சற்றே தயங்குகிறது. நேரில் ஒருநாளும் தராத மரியாதையைத் தாளில் தருவது எளிது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

அவருடைய பிறப்பு, வளர்ப்பு, நற்குணங்கள் ஆகியவற்றை முறையாக எழுதித் தருமாறு அவருடைய பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். எழுதுவேன். ஆயினும் என் பிழை ஒன்றை எழுதாமல் இம்மலரை உங்கள் கைகளில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதன் அட்டையில் நீங்கள் காணும் பழைய கோயிலின் வண்ணப்படம் தம்பி தம் கையால் செதுக்கி அச்சிட்டது. அதில் ஓரிடம் மட்டும் அவர் செய்ததன்று, அடியேன் செய்தது.

பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து புறப்படும் பஸ் மூச்சிரைக்க ஏறி, கடைசி வளைவில் ஆட்களை இறக்கித் திரும்பிவிடும். அங்கிருந்து நடந்து ஏறினால் எங்கள் தோட்டம். அதன் மேட்டு லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை அறைகளுள் ஒற்றைக் காம்பரா ஒன்றில் தம்பி பிறந்தார். தந்தையார் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் ஆட்களை மேற்பார்ப்பது அவர் தொழில். திருவிழாவில் முதற்காப்புக் கட்டிக்கொள்வது அவர் உரிமை. தாயார் கொழுந்து பறித்தவர். நான் மூத்தவன், தம்பி இளையவர், வேறு உடன்பிறப்பு எங்களுக்கு இல்லை.

சிறு வயதிலேயே தம்பிக்குக் கை ஓரிடத்தில் நில்லாது. உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையில் ஆணியால் கீறி மாடு, மனிதர், மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளை என்று எல்லாரையும் வரைந்துவிடுவார். கணக்கப்பிள்ளை ஒருமுறை தம் வயிற்றின் அளவைப் பலகையில் கண்டு தந்தையாரிடம் முறையிட்டார். தந்தையார் பலகையை வாங்கிப் பார்த்துவிட்டு, “அளவு சரியாத்தானே இருக்கு” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

தந்தையார் காலமானபோது நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். நான் படிப்பை விடவில்லை. தம்பி விட்டார். ஹட்டனில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. பேச வேண்டியவன் நான், நானும் பேசியதில்லை.

அந்த அச்சகத்தில்தான் லினோ செதுக்கும் தொழிலை அவர் கற்றார். லினோ என்பது அந்நாளில் துரைமார் பங்களாக்களின் தரையில் விரித்த கனத்த விரிப்பு. அதைப் பலகையில் ஒட்டி, வேண்டாத இடங்களை உளியால் தோண்டி எடுத்து, எஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். கோயில் திருவிழா நோட்டீசுகளில் வேலும் மயிலும் பூரண கும்பமும் அவ்வாறே அச்சிடப்பட்டன. பல ஆண்டுகள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் சுவர்களில் தோகை விரித்து நின்ற மயில் தம்பி செதுக்கிய மயிலே. கணினி வந்தது. லினோவைத் தேடுவாரில்லை. அச்சகம் மூடப்பட்டது. எஞ்சிய சில மை டப்பாக்களையும், குடைக்கம்பியைத் தீட்டித் தாமே செய்துகொண்ட உளிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தம்பி தோட்டத்துக்குத் திரும்பி, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார்.

திரும்பி வந்த அடுத்த ஆண்டே திருமணம். பெண் பள்ளத்து லயத்தைச் சேர்ந்தவர். அத்திருமணத்தை மேட்டு லயத்தில் பலர் விரும்பவில்லை. நான் மணமேடைக்கு அருகே நின்று, ஆண்டவன் சந்நிதியில் மேடென்றும் பள்ளமென்றும் இல்லை என்று நீண்ட வாழ்த்துரை நிகழ்த்தினேன். அனைவரும் என்னைப் பாராட்டினர். அப்பாராட்டை நான் பல ஆண்டுகள் மனத்தில் வைத்துச் சுவைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இனி அக்கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டை அழித்துத் தேயிலை நட வந்த முதல் தலைமுறையினர் ஓய்வு நாட்களில் கல் சுமந்து எழுப்பிய கோயில் அது. கருங்கல் கருவறை, மரத்தூண் மண்டபம், துருவேறிச் செங்காவி நிறமான தகரக்கூரை. முற்காலத்தில் பள்ளத்து லயத்தார் அந்த மண்டபத்துக்குள் வருவதில்லை. வருவதில்லை என்று எழுதுவது பொய், நாங்கள் விடுவதில்லை. வாசலுக்கு வெளியே, பத்துப் பதினைந்து அடி தள்ளி, தட்டையான கல் ஒன்று கிடந்தது. பூசாரி அதன்மீது திருநீற்றை வைத்துவிட்டு விலகுவார். அவர் விலகிய பிறகு அவர்கள் வந்து குனிந்து எடுத்துப் பூசிக்கொள்வார்கள். திருநீற்றுக்கல் என்று அதற்குப் பெயர். நான் ஆசிரியனாகும் காலத்தில் அவ்வழக்கம் நின்றுவிட்டது. கல் மட்டும் கிடந்தது. பிள்ளைகள் அதன்மீது அமர்ந்து மாங்காய் தின்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய கோயிலைப் பிரித்துக் கோபுரத்துடன் புதிய கோயில் எழுப்பத் திருப்பணிச் சபை கூடியது. அடியேன் தலைவன். பாலாலயம் செய்து அன்னையை எழுந்தருளச் செய்தபின் கட்டடம் பிரிக்கப்பட்டது. அந்தக் கல்லை என்ன செய்வது என்று மேஸ்திரி கேட்டார். “அஸ்திவாரத்துல போட்டுருங்க” என்றேன். ஒரு களங்கத்தைக் களைந்துவிட்டதாக எண்ணி, அன்று மாலை வழக்கத்தினும் உரத்த குரலில் பதிகம் பாடினேன்.

மறுநாள் தம்பி கயிறும் கடப்பாரையுமாக வந்தார்.

“எங்கண்ணே அந்தக் கல்லு?”

“அது எதுக்குடா உனக்கு?”

“வீட்டு வாசல்ல போடலாம்னு பார்த்தேன்.”

“அஸ்திவாரத்துக்குப் போயிருச்சு.”

தம்பி அஸ்திவாரம் தோண்டிய கிடங்கை எட்டிப் பார்த்தார். கொங்கிரீட் கலவை காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. “நல்ல எடமாப் பார்த்துத்தான் வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். கல்லை மட்டுமே அவர் கேட்டதாக அன்று நான் விளங்கிக்கொண்டேன்.

குடமுழுக்கு விழா மலரின் அட்டைக்குப் பழைய கோயிலின் படம் வேண்டும் என்று சபை விரும்பியது. ஒளிப்படங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் மனிதர்களே கோயிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் தம்பியைக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் காண்கிறேன். மலரின் அட்டைக்கு ஒன்று, வரும் விருந்தினர்க்கு அன்பளிப்பாகக் கொடுக்கச் சில, புதிய மண்டபத்தில் மாட்ட ஒன்று என்று நாற்பது படிகள் அச்சிடுவதாக ஏற்றுக்கொண்டார்.

அந்த வாரத்தில் பெரிய பங்களாவைச் சுற்றுலா விடுதியாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய லினோத் தரையைப் பெயர்த்து வெளியே குவித்திருந்தார்கள். நல்ல துண்டாக ஒன்றைக் கேட்டு வாங்கித் தலையில் சுமந்துகொண்டு தம்பி மலைப்பாதையில் இறங்கிவந்தார். கொழுந்து மலையில் நின்ற பெண்கள் சும்மா விடுவார்களா?

“என்னங்கண்ணே, தொரை வீட்டுத் தரையையே தூக்கிட்டுப் போறீங்க? தொரை எங்க நிப்பாரு?”

“அவரு நூறு வருசமா நின்னுட்டாரு. இனி அம்மன் நிக்கட்டும்.”

அந்தப் பெண்களுள் ஒருவர் தம்பியின் துணைவியார். “வீட்டுக்கு அரிசி வாங்கியாரச் சொன்னா தரைய வாங்கியாராரு பாருங்க” என்று அவர் சொன்னதும் மலை முழுவதும் சிரித்தது.

பல வண்ணப் படத்துக்கு வண்ணத்துக்கொரு பலகை செதுக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். தம்பியிடம் இருந்ததோ ஒரே துண்டு. ஆகவே ஒரே பலகையில் எல்லா வண்ணத்தையும் அச்சிடும் முறையை அவர் கைக்கொண்டார். முதலில் வானத்துக்கும் விளக்கொளிக்கும் உரிய மஞ்சளை நாற்பது தாளிலும் அச்சிட்டார். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து தோண்டி எடுத்துவிட்டு, எஞ்சியதில் செங்காவி தடவி அதே தாள்களில் மீண்டும் அச்சிட்டார். பிறகு கூரையைத் தோண்டிவிட்டுத் தேயிலையின் பச்சை. இறுதியாக, கோடுகள் மட்டும் எஞ்சிய பலகையில் கறுப்பு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் பலகையில் ஒரு பகுதி அழிந்துகொண்டே போகும். தோண்டியது தோண்டியதே, திரும்ப ஒட்ட முடியாது. எங்கள் மலைக்குளிரில் லினோ கல்லாக இறுகிவிடும் என்பதால், அடுப்பருகே வைத்து இளக்கிக்கொண்டே செதுக்குவார். காம்பரா முழுவதும் ஆளிவிதை எண்ணெயின் மணம் நிறைந்திருக்கும்.

பச்சை அச்சிட்டு முடித்த பின் ஒரு பிற்பகலில் நான் பார்க்கப் போனேன். காம்பராவுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, நாற்பது தாள்களையும் துணிபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். குனிந்தே நுழைய வேண்டியிருந்தது. தம்பி பலகையை மடியில் வைத்துக் கடைசிச் செதுக்கலை முடித்துக்கொண்டிருந்தார். அவருடைய துணைவியார் அடுப்பருகே பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

பலகையில் எல்லாம் இடம்வலமாக மாறியிருந்ததால் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. தம்பி சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பலகைக்கு எதிரே பிடித்தார். என் கோயில் நேராகத் தெரிந்தது. தூண்களின் வெடிப்பு, கூரையின் ஆணி, மணிக்கயிற்றின் முடிச்சு என்று ஒன்றும் விடுபடவில்லை. கைகள் தாமாகக் குவிந்தன. பிறகு வாசலுக்கு வெளியே பார்த்தேன். தட்டையான கல். அதன்மீது குனிந்து கைநீட்டும் ஒரு பெண்.

“இது என்னடா?”

“திருநீத்துக் கல்லுண்ணே.”

“அதுதான் இப்ப இல்லையே.”

“கோயிலுந்தான் இப்ப இல்ல. அதையும் எடுத்துருவமா?”

“விளையாடாத. யாரு இந்தப் பொம்பள?”

“அத்தை.”

அவர் குறித்தது தம் மாமியாரை. அடுப்பருகே நின்ற துணைவியாரின் தாயார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

“விழா மலருக்கு அட்டைடா இது. கொழும்புலருந்து பெரியவங்க எல்லாம் வர்றாங்க. பார்க்குறவன் என்ன நெனைப்பான்?”

“கல்லுன்னு நெனைப்பான்.”

“அம்மன் படத்துல அசிங்கத்தைக் கொண்டுவந்து வைக்கலாமா? சந்நிதிக்கு முன்னால இதெல்லாம் எதுக்குடா?”

“சந்நிதிக்கு முன்னாலதானேண்ணே நடந்துச்சு.”

மறுமொழி இல்லாதபோது வயதில் மூத்தவர்கள் செய்வதையே நானும் செய்தேன், குரலை உயர்த்தினேன். சபை ஏற்காது என்றேன். பழைய புண்ணைக் கிளறுவது பக்தியாகாது என்றேன். குடமுழுக்குக்கு இரண்டு வாரமே இருப்பதை நினைவூட்டினேன். அவரிடம் வேறு லினோவும் இல்லை, வேறு தாளும் இல்லை என்பதை நன்றாக அறிந்தே பேசினேன். “அந்த ரெண்டையும் செதுக்கி எடுத்துரு. அந்த எடம் வெறும் பச்சையா நிக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?”

அடுப்பருகே தேநீர் ஊற்றும் ஓசை நின்றது. தம்பி ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு உளியின் பிடியை என் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

“என்னால முடியாதுண்ணே. வேணும்னா நீங்களே எடுங்க.”

நான் எடுக்கமாட்டேன் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த நம்பிக்கையோடுதான் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

சுண்ணக்கட்டியும் கைத்தாளமும் அன்றி வேறெதுவும் பிடித்தறியாத கை எனக்கு. பலகையை இடக்கையால் பிடித்து, வலக்கையால் உளியைத் தள்ளினேன். அது வழுக்கியது. தம்பி என் இடக்கையைப் பற்றி மெல்ல நகர்த்திவைத்தார்.

“கைய முன்னால வைக்காதீங்கண்ணே. வழுக்குனா வெரல் போயிரும்.”

தம் மாமியாரை நான் அழித்துக்கொண்டிருந்த வேளையில் என் விரலுக்காக அவர் அஞ்சினார். நான் கல்லைத் தோண்டினேன். நீட்டிய கையைத் தோண்டினேன். குனிந்த முதுகைத் தோண்டினேன். சீராகச் செதுக்கத் தெரியாததால் ஆங்காங்கே மெல்லிய வரம்புகள் எஞ்சி நின்றன. “போதும்ல?” என்று கேட்டேன். “போதும்ணே” என்றார். பிளேன்டீயை யார் எடுத்துத் தந்தார்கள், நான் குடித்தேனா என்பது நினைவில்லை.

கறுப்பை அச்சிட்டபோது அந்த வரம்புகளிலும் மை பட்டது. ஆகவே நாற்பது படிகளிலும் கோயில் வாசலுக்கு வெளியே, பச்சைத் தரையில், குறுக்கும் நெடுக்குமாகச் சில கறுப்புக் கீறல்கள் பதிந்தன.

குடமுழுக்கன்று படம் எல்லாரையும் கவர்ந்தது. விருந்தினர் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து ரசித்துவிட்டுக் கேட்டார்: “வாத்தியாரையா, வாசலுக்கு வெளியில இது என்னங்க? புல்லா?”

“ஆமாங்க, புல்லு” என்றேன்.

அருகில் நின்ற தம்பி சிரித்தார். “மத்ததெல்லாம் நாஞ்செஞ்சதுங்க. அந்தப் புல்லு மட்டும் அண்ணன் நட்டது.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த பணி என்று விருந்தினர் மேடையிலேயே புகழ்ந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தோளில் பொன்னாடையும் முகத்தில் புன்னகையுமாக நான் பாடிய பாடலை அன்னை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அதன்பின் தம்பி லினோவைத் தொடவில்லை. அடுத்த படம் எப்போது என்று கேட்பவர்களுக்கெல்லாம், “லினோ தீர்ந்துருச்சுங்க” என்பார். என்னிடம் அவர் கோபம் காட்டியதில்லை. தோட்டத்துக் கிணறு தூர்ந்தபோது இறங்கித் தூர்வாரியவர் அவர். யார் வீட்டில் மரணம் நேர்ந்தாலும் பாடை கட்ட முதலில் கயிறு எடுத்துச் செல்பவர் அவர். வெள்ளிதோறும் கோயிலுக்கு வருவார், வணங்குவார், நான் பாடி முடிக்கும்வரை நிற்பார். மண்டபத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். நானும் பார்ப்பதில்லை. ஒரே மண்டபத்தில் ஒரே சுவரைத் தவிர்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் மூன்றாண்டுகள் அன்னையை வணங்கினோம்.

பிறகு தம்பிக்கு நெஞ்சில் கட்டிய சளி நோயாக முற்றியது. ஹட்டன் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தோம். நாள்தோறும் பஸ் ஏறிப் போனேன். அந்தப் பிழையைப் பற்றிப் பேச வேண்டும் என்று உறுதிகொண்டே ஒவ்வொரு நாளும் புறப்படுவேன். கட்டிலருகே அமர்ந்ததும் பேச்சுக்குப் பதில் பதிகம் வாயில் வந்துவிடும். பாடினால் பேச வேண்டியதில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தம்பி கையை உயர்த்தித் தடுத்தார்.

“அண்ணே, பாட்டக் கொஞ்சம் நிறுத்துங்க. பக்கத்துக் கட்டில்ல ஆளு தூங்குறாரு.”

நிறுத்தினேன். இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகவோ காத்திருப்பவர் போலத்தான் இருந்தது. நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன்.

கடைசி நாள் மாலை அவருக்கு மூச்சு சற்றுத் தெளிந்திருந்தது. “தம்பி, அந்தப் படத்துல…” என்று தொடங்கிவிட்டேன். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலரை ஆகுதுண்ணே. பொகவந்தலாவை பஸ் போயிரும். நாளைக்குப் பேசலாம், கெளம்புங்க.”

என்னைத் தப்பவைக்கச் சொன்னாரா, பஸ் போய்விட்டால் நடக்க முடியாத என் கால் வலிக்கு இரங்கிச் சொன்னாரா என்பதை நான் அறியேன். நான் விரைந்து எழுந்தேன். எவ்வளவு விரைவாக எழுந்தேன் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்து, நான் பஸ்ஸுக்காக நின்ற இடத்துக்கே செய்தி வந்து சேர்ந்தது.

இம்மலருக்கு அட்டையாக அந்தப் படத்தையே வைக்கலாம் என்று பிள்ளைகள் விரும்பினார்கள். தம்பியின் வீட்டில் ஒரு படி இருந்தது. அதை ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, கணினியில் மலரை அமைத்துத் தரும் பெண்மணியிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் இரக்கத்தோடு கேட்டுவிட்டு, கீறல்களை அழித்துக் கல்லையும் பெண்ணையும் மீண்டும் வரைந்துவிடலாம், செதுக்கியதுபோலவே இருக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. அன்றே ஓடிவந்து தம்பியின் துணைவியாரிடம் சொன்னேன்.

அவர் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். “யாரு வரைவாங்க?”

“கம்ப்யூட்டர்ல வரைஞ்சிருவாங்கம்மா.”

“அவரு வரைஞ்சதா இருக்காதுல்ல?”

“இருக்காது. ஆனா…”

“அப்ப வேணாம் மாமா. வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டும். அவரு இருந்தப்பயே இருந்த கீறல்தானே.” ஊதுவதை நிறுத்திவிட்டு மேலும் சொன்னார்: “புல்லுன்னு மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

ஆகவே நீங்கள் காணும் படத்தில் எதுவும் திருத்தப்படவில்லை. வலக்கீழ் ஓரத்துக் கீறல்கள் புல்லல்ல. அங்கே ஒரு கல் இருந்தது. அதன்மீது ஒரு பெண் குனிந்திருந்தார். கல்லை முதலில் மண்ணிலும், பின்னர் அதையும் அப்பெண்ணையும் படத்திலும் மறைத்தவன் நான். ஆண்டவன் திருநாமத்தை ஓதும் வாயால் பொய் சொன்னவனும் நானே. திருப்பணிச் சபைத் தலைமையிலிருந்து விலகிக்கொண்டேன். அதனால் எதுவும் ஈடாகிவிடாது என்பதை அறிவேன். தம்பி கேட்டிருக்க வேண்டிய சொற்களை, அவர் இல்லாதபோது, ஊரறிய எழுதுகிறேன். அன்னையின் திருவடியில் இருக்கும் அவர் செவியில் விழுமாறு செய்வது அவள் அருள்.

தம்பியின் நோய்க்காலத்தில் உதவியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். மொழி புரியாவிட்டாலும் தம் தந்தையைப் போலக் கருதி, “பயவெண்ட எபா தாத்தே”, பயப்படாதீர்கள் அப்பா, என்று தலையைத் தடவிக்கொடுத்த சிங்களத் தாதிக்கும், எந்நேரம் அழைத்தாலும் முகம் சுளிக்காமல் வந்த ஓட்டோச் சாரதிக்கும், மழையில் வழுக்கும் பாதையில் தோள் மாற்றாமல் பாடை சுமந்த பள்ளத்து லயத்து இளைஞர்களுக்கும், சமையலையும் பந்தலையும் கவனித்த மேட்டு லயத்தார்க்கும், தொலைவிலிருந்து வந்து துயரில் பங்குகொண்ட உறவினர் அனைவர்க்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பு.

இத்துடன் முடித்து, அச்சுக்குக் கொடுக்குமுன் தம்பியின் துணைவியாருக்கு வாசித்துக் காட்டினேன். கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே முழுவதையும் கேட்டார்.

“ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் ஓட்டோக்காரருக்குங்கூட நன்றி எழுதியிருக்கீங்க. நல்லது மாமா. எங்கம்மாவை மட்டும் பொம்பள, மாமியாருன்னே எழுதியிருக்கீங்க. அவுங்களுக்கு ஒரு பேரு இருந்துச்சு.”

“நினைவு மலர்ல பேரு எழுதுறதில்லம்மா. உறவுமுறை மட்டும் எழுதுறதுதான் வழக்கம்” என்றேன்.

வழக்கம் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததை நாங்கள் இருவரும் கேட்டோம். அவர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

“பேரு தெரியுமா மாமா உங்களுக்கு?”

தெரியாது. சம்பந்தியாகி இத்தனை ஆண்டுகள்; அவருடைய இறுதிச் சடங்கிலும் நின்று பாடியிருக்கிறேன். இறைவனுக்கு ஆயிரம் திருநாமங்களை அடுக்கி அர்ச்சிக்கத் தெரிந்த எனக்கு, எங்கள் கோயில் வாசலில் குனிந்து நின்றவரின் ஒரு பெயர் தெரியவில்லை. அதை அவர் மகளிடமே கேட்டேன். அவர் சொன்னார். நான் இருமுறை சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

அவர் பெயர் காத்தாயி.